மெக்குக்குப் புரியாத மரியாதை

கிரெய்க் லண்டனிலிருந்து போன் செய்தான். "அம்மா, நானும் இமொஜெனும் ஒரு வாரம் லீவுக்கு நம்ம வீட்டுக்கு வர்றோம். ஸ்காட்லாந்துல நம்ம பக்கத்துப் பேச்சு அவளுக்குப் புரியாது. கொஞ்சம் நல்ல இங்கிலீஷா பேசுங்க, சரியா?"

இமொஜென் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். எனக்கா நல்லா பேசத் தெரியாது? வீட்டுப் பேச்சு பேசியதற்குப் பள்ளியில் தோல்வாரால் அடி வாங்கிக் கற்றுக்கொண்டதாயிற்றே! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போடுகிற செருப்பு மாதிரி, டாக்டரிடமும் பாதிரியாரிடமும் மட்டும் அதை வெளியே எடுப்பேன். என் வீட்டு அடுப்படியிலுமா? பற்றிக்கொண்டு வந்தது. அவன் வெட்கப்படுவது என் பேச்சுக்கா, இல்லை என்னைப் பார்த்தேவா? அதுதான் மனதைக் குடைந்தது. கேட்கப் பயந்து சரி என்று சொல்லிவிட்டேன்.

"தேநீர் அருந்துகிறாயா?" "இன்று மழை வரக்கூடும்." அந்தக் குரலில் என்னிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு கொத்துக்கறி கிண்டினேன். அவளும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். இப்படியே ஐந்து நாள் போயிற்று.

ஆறாம் நாள், செம்மறிகளை மேட்டிலிருந்து பட்டிக்கு இறக்குவதைப் பார்க்க வேண்டும் என்றாள். மூவரும் போனோம். என் நாய் மெக் காதை விறைத்துக்கொண்டு காத்திருந்தது.

"மெக், இடப்பக்கமாகச் செல்."

அது என்னை அண்ணாந்து பார்த்தது.

"தயவுசெய்து செல், மெக்."

புல்லில் உட்கார்ந்தே விட்டது. குட்டியிலிருந்து என்னிடம் இப்படி ஒரு மரியாதையை அது கண்டதே இல்லை, பாவம்.

அதற்குள் ஒரு கிழட்டு ஆடு, சாலைப் பக்கம் நான் சாத்த மறந்த கேட்டைப் பார்த்துவிட்டது. அது ஓட, அறுபது ஆடும் பின்னால் ஓடின. கீழே சாலையில் பால் லாரி வரும் சத்தம். எந்தக் குரலில் கத்துவது என்று தெரியாமல் திகைத்து நின்றேன்.

"ஏட்டி மெக்கு! இடக்கைப் பக்கமா வளைஞ்சு ஓடு! அந்தா போவுது பாரு கெழட்டுச் சனியன், மறி அதை!"

கத்தியது கிரெய்க். மெக் பறந்துபோய், கேட்டுக்கு இரண்டடி முன்னால் மந்தையைத் திருப்பியது.

இமொஜென் அவனையே பார்த்தாள். "யார் இது? நாலு வருஷமா உன்கூட இருக்கேன். இந்தக் குரலை ஒரு தடவைகூட கேட்டதில்லையே."

அவன் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கோ, ஏதோ பதற்றத்துல..."

"எதுக்குலே மன்னிப்பு?" எனக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டைக் காப்பாத்துனதுக்கா? எனக்குப் பொறந்ததுக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இமொஜெனின் கண் கலங்கியிருந்தது. "அஞ்சு நாளா நீங்க பேசவே இல்லையா, உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, ஒன்னயப் பிடிக்காமலா? எனக்கு வர்ற பேச்சைப் பேசக்கூடாதுன்னுதான் சும்மா கெடந்தேன்."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. கிரெய்க் விளக்க வாயெடுத்தான். "நீ சும்மா இரு," என்றாள் அவள். "அவங்களே இன்னொரு தடவை சொல்லட்டும்."

சொன்னேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் கிரெய்க் என் பக்கம் தட்டை நீட்டினான். "எம்மா, கெழங்கு இன்னும் கொஞ்சம் வையி."

சட்டியில் இருந்ததை எல்லாம் அவன் தட்டில் கவிழ்த்தேன்.