முன்னும் பின்னும் நாற்பது

ரத்தம் பிடித்த குழாயை எந்திரத்தில் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் நீர் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். ஜோஸ்பின் கொண்டுவந்த குழாயில் அது ரோஜா நிறத்தில் நின்றது. அணுக்கள் உடைந்துபோன ரத்தம். அதை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. தேவ்நாரில் ரத்தம் கொடுத்த பெரியவருக்கு மறுபடியும் ஊசி.

"ஒரே மாசத்துல நாலாவது, ஜோஸ்பின்," என்றார் லேப் சூப்பர்வைசர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபத்திலும் குரல் ஏறாது. "குத்தறச்சே நரம்பைக் கிண்டறியோ என்னமோ. இன்னொண்ணு இப்படி வந்தா, கை சரியில்லேன்னு எழுதி அனுப்பிடுவேன். அப்பறம் நீ ரவுண்டு போக முடியாது."

பதினோரு வருடங்களாக அவள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள். அன்று மாலை வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பிறகு டைரியைப் புரட்டினாள். முதல் குழாய் கெட்டது ஆறாம் தேதி. நான்காம் தேதிக்கு எதிரே இரண்டே சொற்கள்: ஸ்கூட்டர் பஞ்சர்.

அதுவரை செம்பூர் பெட்ரோல் பம்பில் காற்றடித்தவள், அன்றிலிருந்து தாராவியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரம்மநாயகத்தின் பஞ்சர் கடையில் அடிக்கிறாள்.

"அண்ணாச்சி, என் வண்டிக்கு எவ்வளவு காத்து வைக்கிய?"

"நாப்பது. முன்னயும் நாப்பது, பின்னயும் நாப்பது. ரத்தம் எடுக்குத பிள்ளைக்குக் காத்துல என்ன சோலி?"

"சீட்டுக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கு. முன்னால இருவத்திரெண்டு, பின்னால ஒரு ஆளுக்கு இருவத்தொம்பது, ரெண்டு ஆளுக்கு முப்பத்தாறுன்னு போட்டிருக்கே."

"அத எழுதுனவன் நம்ம ராஜபாண்டி வண்டில ஏத்துத தோல் கட்டப் பாத்திருக்கானா? இங்க வாறது பூரா லோடு வண்டி. கம்மியா வச்சா ரிம்மு நெளிஞ்சிரும்லா. அதான் நான் யாருகிட்டயும் கேக்கதே இல்ல. நாப்பதுதான்."

"நான் லோடு ஏத்தலையே. இந்தப் பெட்டி ரெண்டு கிலோ."

அவர் ஸ்கூட்டரின் காலடியில் இருந்த சாம்பிள் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "ரெண்டு கிலோதானா? அத்தன பேருகிட்ட உறியுதியே, குடம் குடமா இருக்கும்னுல்லா நெனச்சேன்."

"அந்தக் காத்து அளக்குத மீட்டரக் குடுங்க அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம ஒரு நாளைக்கு."

"எதுக்கு, சர்ச்சுல வச்சு ஜெபம் பண்ணவா?" என்றபடி கொடுத்தார்.

கல்லாய் இறுகிய டயர் பள்ளத்தின் குலுக்கலைத் தான் வாங்கிக்கொள்வதில்லை. மேலே இருப்பதற்குக் கொடுத்துவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ரத்தமும் அதை வாங்கி, அணுக்கள் உடையுமோ? ஊகம்தான். ஊகத்தை வேங்கடசுப்ரமணியனிடம் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் கணவன் ஜாபெஸை லேப் படிக்கட்டில் உட்காரவைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"மூணு குழாயா? கல்யாணம் பேசும்போது உங்கப்பா இத சொல்லலயே."

"கைய ஆட்டாதிய."

ஒரு குழாய் லேப்பிலேயே நின்றது. இரண்டாவதைப் பெட்டியில் வைத்து, நாற்பது காற்றோடு தேவ்நார்வரை போய்த் திரும்பினாள். உடனே காற்றைக் குறைக்க நினைத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஓடிச் சூடான டயரில் காற்று விரிந்திருக்கும். அளவு பொய் சொல்லும். வண்டியை நிழலில் விட்டுவிட்டுக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்கு உக்காந்திருக்கோம்?"

"டயர் ஆறட்டும்."

நடுநடுவே அவள் எழுந்துபோய், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல டயரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கடந்து, முன்னால் இருபத்திரண்டு, பின்னால் இருபத்தொன்பது என்று குறைத்தாள். மூன்றாவது குழாயோடு அதே சாலை, அதே பள்ளங்கள், அதே வேகம்.

அவள் மூன்றையும் சுழற்றி எடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலைக்கு வந்திருந்த வேங்கடசுப்ரமணியன் பின்னால் நின்றார். நடந்ததைச் சொன்னாள். அவர் குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். முதலாவது தேன் நிறம். இரண்டாவது ரோஜா. மூன்றாவதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேன் நிறம்.

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் கடைசியில். "உங்காத்துக்காரர் ரத்தமே அப்படியோ என்னமோ."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்தார்.

"மூணு குழாய் எடு. காத்து வைக்கறச்சே நானும் கீழே வரேன். மீட்டரை நான் பாக்கணும்."

ஜோஸ்பின் அவர் மேல்கையில் பட்டையைக் கட்டினாள். அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே ஜாபெஸ் இன்னமும் படிக்கட்டில்தான் இருந்தான்.

"எப்போம்மா குத்தப்போறே?" என்றார்.

இரண்டாவது குழாய் நிறைந்துகொண்டிருந்தது.