மேடையில் ஒரு ஃபிளாஸ்க்

இன்றைக்கும் பாதியில் எழுந்தால் இனி மேடையே வேண்டாம், வீட்டோடு பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கிடக்கலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த மயிலாப்பூர் சபாவுக்குக் கிளம்பினேன். போன மாதம் பல்லவிக்கு நடுவில் குபீரென்று உடம்பு கொதித்து, ரவிக்கை தொப்பலாகி, தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி எழுந்து வந்தவள் நான். ஐம்பத்தொரு வயது. மாதவிடாய் நிற்கிற காலம்.

என் கணவர் ஸ்ரீரங்கனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் நாலு மாட வீதிக்கும் தெரியும். காலையில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வரும்போது ஆளுக்கொரு வைத்தியம் கேட்டுக்கொண்டு வருவார். வெந்தயம், உளுந்தங்கஞ்சி, பெயர் தெரியாத ஒரு வேர்ப்பொடி. பொடியை மட்டும் அடையாறு டாக்டரம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"பிரஷர் மாத்திரையோட இதைக் கலக்காதீங்க. நடங்க, மூச்சை மெதுவா இழுத்து விடுங்க, காபியும் காரமும் குறைங்க. அதுலயும் அடங்கலைன்னா மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

எல்லாம் செய்தேன். காபியை விட்டதற்கே எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும்போது உடம்புச் சூடு பாதியாகக் குறைந்துவிட்டது. பட்டுப் புடவையைக்கூட பீரோவில் வைத்துவிட்டு, மெல்லிய பருத்தியில்தான் மேடையேறினேன்.

காம்போதி ராகத்தை விஸ்தாரமாகப் பாடிவிட்டு வயலின் மஹதியிடம் விட்டேன். அவள் வாசிக்கிற நேரத்தில், வழக்கம்போல் ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தேன். இரண்டே நிமிஷம், கழுத்திலிருந்து நெற்றிவரை நெருப்பு. மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தேன், அடங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்துவிடலாம் என்று மைக்கைத் தள்ளினேன்.

மஹதி வாசிப்பைச் சட்டென்று முடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "அக்கா, ஃபிளாஸ்க்ல என்ன?"

"சுக்கு மிளகு கஷாயம், கொதிக்கக் கொதிக்க. பின்ன, பாடறவ பச்சத் தண்ணியா குடிப்பா?"

"காபியை விட்டேள். இதை யாரு விடறது?"

முப்பது வருஷப் பழக்கம். தொண்டைக்கு நல்லது என்று நாங்கள் பாடகர்கள் கும்பிடாத குறை. இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மஹதி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்கோ. எனக்கும் ஆறு மாசமா இதே கதைதான். யார்கிட்டயும் சொல்லலை."

ஏழு வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிறாள். இரண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் வேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இந்த ஒளிவுமறைவின் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மைக்கை இழுத்தேன்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்கோ. தொண்டைக்கு ஒண்ணும் இல்லை. மெனோபாஸ். உடம்பு ஆறினதும் பாடறேன்."

முன்வரிசையில் ஸ்ரீரங்கன் வாயைப் பிளந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாமி எழுந்தாள்.

"ஏ.சி.யைக் கூட்டி வைங்கோப்பா! எங்களுக்கும் சேர்த்துதான்!"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் பாதிச் சூடு இறங்கிவிட்டது. அன்றைக்குப் பல்லவியை முழுசாகப் பாடினேன். முடிந்ததும் சபா செயலாளர் அடுத்த கச்சேரிக்குத் தேதி கேட்டு வந்தார். நான் மஹதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு பேருக்கும் சேர்த்து, "வரோம்" என்றேன்.