மணி அண்ணே, இம்புட்டுப் பாலா?

என் மனைவி சுபலட்சுமிக்கு மாநிலத் தலைநகரங்கள் மட்டும் மண்டையில் ஏறவே ஏறாது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிகத் தட்டச்சர். பொது அறிவுக் கேள்விகளும் வருகிற அரசுப் பணிப் பரீட்சையில் தேறினால் அந்த நாற்காலி நிரந்தரம். இல்லையென்றால் தேறி வருகிற யாருக்கோ எழுந்து வழிவிட வேண்டும். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசித் தடவை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனையூரிலிருந்து தினமும் வண்டியில் கொண்டுபோய் விடும்போது அந்த வாயால்தான் சொல்லிக்கொடுத்தேன். மேகம் வந்தா சில்லுனு இருக்கும்: மேகாலயா, ஷில்லாங். மீசை ஓரம் ஐஸ்: மிசோரம், ஐஸ்வால். திரியை அகல்ல போடு: திரிபுரா, அகர்தலா. மணிப்பூர்தான் படுத்தியது. அதற்கென்று ஒரு பால்காரரையே உண்டாக்கினேன். "மணி அண்ணே, இம்புட்டுப் பாலா?" மணிப்பூர், இம்பால். அவள் சிரித்த சிரிப்பில் சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பரீட்சை அன்று காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. இவள் புத்தகத்தோடு பக்கத்திலேயே நிற்கிறாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"அம்புட்டுப் பாலும் போச்சு! அடுப்புல இருக்கிறதே ஞாபகம் இல்ல, நீயெல்லாம் என்னத்தப் பரீட்சை எழுதிக் கிழிக்கப் போற?"

அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். நான் சமாதானமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். தெளிந்த முகத்தோடு வந்தாள்.

"நல்லா எழுதிருக்கேங்க. மணிப்பூர்கூட வந்துச்சு. இம்புட்டா, அம்புட்டான்னு கொஞ்சம் குழம்பிருச்சு. அப்புறம் காலையில நீங்க கத்துனது காதுக்குள்ள கேட்டுச்சா, அம்புட்டுப் பால்னு அம்பாலாவைப் போட்டுட்டேன். சரிதான?"

அம்பாலா ஹரியானாவில் இருக்கிற ஊர். எந்த மாநிலத்துக்கும் தலைநகரம் இல்லை. ஆனாலும் "சரிதான்" என்றேன். கோழைப் பயல் நான்.

ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. முடிவு வந்த அன்று, என்னால்தான் போச்சு என்று அவளிடம் சொன்னேன். "மறந்தது நாந்தான?" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலை உத்தரவோடு ஆஷிகா என்ற பெண் வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் கூட இருந்து வேலை பழக்கிவிட்டுப் போகச் சொல்லி சுபாவுக்கு உத்தரவு. பழக்கினாள், நேரம் தவறாமல் போய். கடைசி நாள் சாயங்காலம் டிபன் பையோடு வெளியே வந்து என் வண்டியில் ஏறினாள்.

"ரொம்பக் கெட்டிக்காரப் புள்ளைங்க. ஒருக்காச் சொன்னாப் போதும், மறக்கவே மாட்டேங்குது."

மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.