நூற்றிருபது மணி நேரத் தீவு

நெல்லுக் குவியலை விட்டு அரைமணி எழுந்து போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கிற மகராசர்கள், ஒருநாள் அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். மேகம் கூடினால் படுதாவை இழுத்து மூட வேண்டும். வெயில் வந்தால் விலக்கி, காலால் துழாவிக் காயப்போட வேண்டும். ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் அளக்க மாட்டார்கள். ஆடு வரும், விரட்ட வேண்டும். டோக்கன் நம்பரை எப்போது கூப்பிடுவார்கள் என்பது கூப்பிடுகிறவருக்கே தெரியாது. கூப்பிடும்போது ஆள் இல்லையா, முறை போச்சு.

கீழ்வேளூருக்குத் தெற்கே ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகை நிலத்தில் சம்பா அறுத்த மலர்க்கொடி, ஒன்பது நாளாக அந்தக் குவியலோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். இருட்டினால் மாமியார் அம்சம் வந்து மாற்றிவிடுவாள். விடிந்தால் மறுபடி இவள். டோக்கன் நாற்பத்தொன்று. நேற்று முப்பத்தெட்டில் நிறுத்திவிட்டு, சாக்கு வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாளாக அதே பேச்சு.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு இயர்போனைக் காதில் மாட்டி, போனைப் படுக்கை வசத்தில் பிடித்தாள்.

"ஆரம்பிச்சுட்டியா தங்கச்சி?" என்றார் பக்கத்துக் குவியல்காரர் வைரக்கண்ணு. "இந்த வயசுல பொம்பளை கத்தி சண்டை விளையாடி நான் இப்பதான் பாக்குறேன்."

"கத்தி இல்லண்ணே, வில்லு. என் நெல்லையும் கொஞ்சம் பாத்துக்குங்க."

"ஆடு வந்தா அம்பு விடு" என்று சொல்லிவிட்டு, அவர் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. புருஷன் இளம்பரிதி மூன்று வருஷமாக மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் இருக்கிற இடத்தில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் மணி அடிக்கும், குரல் வராது. எழுத்துதான் போகும். எவனோ ரூம்காரன் சொல்லிக் கொடுத்தான், இந்தக் கேமுக்குள் போனால் மைக்கில் பேசலாம் என்று. 'ஏழு வாசல்' என்று பேர். மந்திரவாதி, பூதம், கோட்டை, எல்லாம் உண்டு. அவன் கேடயக்காரன், இவள் வில்லாளி. அவனுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதிலும் ரூம்காரர்கள் தூங்கி எழுகிற வரைதான் தனியாகப் பேச ஒழியும். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான் அவர்கள் குடும்பம் நடத்துகிற நேரம்.

மூன்று வருஷத்தில் ஏழு வாசலையும் திறந்தாகிவிட்டது. பூதத்தை மூன்று தடவை கொன்றாகிவிட்டது. இப்போது உள்ளே போனால் செய்ய ஒன்றும் இல்லை. கொல்லன் பட்டறைப் பக்கம் போனால், "வாருங்கள் வீரரே, இன்று இரும்பு சூடாக இருக்கிறது" என்பான். மூன்று வருஷமாக அவனுக்கு இரும்பு ஆறவே இல்லை. எந்தச் சந்துக்குள் போனாலும் போன சந்து. இங்கே குவியலை விட்டு நகர முடியாது, அங்கேயும் போக ஓர் இடம் இல்லை. சே, என்ன பிழைப்பு இது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குத்தான் கம்பெனிக்காரன் காசுக்கு ரெண்டு புதுப் பகுதி விட்டிருந்தான். ஒன்று, 'கருங்குகை'. முடிக்கப் பத்து மணி நேரம். இன்னொன்று, 'உப்புத் தீவு'. கடல் தாண்டி ஒரு தனி ராஜ்யம், நூற்றிருபது மணி நேரம். பன்னிரண்டு மணியோடு தள்ளுபடி முடிகிறது. யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே வாயாகத் தீவைத்தான் வாங்கச் சொன்னார்கள். குகை பெயருக்குத்தானாம்.

மலர்க்கொடி துறைமுகத்துக்குப் போனபோது, இளம்பரிதி ஏற்கெனவே தீவுக்குப் போகிற படகில் ஏறி நின்றான். இவள் ஏறப் போனாள். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "இந்தப் பகுதி உங்களிடம் இல்லை" என்றான்.

"நான் வாங்கிட்டேன் மலரு" என்றான் இளம்பரிதி காதுக்குள். "நீயும் டக்குனு வாங்கிடு. அந்தக் குகையெல்லாம் வேஸ்ட்டு."

"குகையே போதுங்க நமக்கு."

"ஏன்?"

"இன்னியோட சேத்து ஆறு வெள்ளிக்கிழமைதான இருக்கு? பங்குனி பதினஞ்சுக்கு நீங்க வந்துடுவீங்க. அடுத்த வெள்ளியிலேருந்து அஞ்சு வாரம், பத்து மணி நேரம். கணக்கா குகை முடிஞ்சுடும். அப்புறம் எதுக்கு இந்தக் கேமு? நேர்லயே சண்டை போட்டுக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. "இல்ல மலரு, தீவு நல்லாருக்கும். கிராபிக்ஸே வேற மாதிரி…"

"நூத்திருபது மணி நேரங்க."

"இருக்கட்டும்."

"வாரத்துக்கு ரெண்டு மணின்னா அறுபது வாரம்."

"நீ ஒருத்தி. எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு."

எண்ணக் கற்றுக் கொடுத்ததே அவன்தான். கல்யாணம் ஆன வருஷம், வாய்க்காலில் தண்ணீரை நிறுத்துகிற தேதி தெரிந்தும், விளைச்சல் கூட என்று எவனோ சொன்னதைக் கேட்டு இவள் நூற்றைம்பது நாளில் விளைகிற விதையை வாங்கி வந்துவிட்டாள். மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை அவன். தண்ணி எத்தனை நாளைக்குன்னு பாத்துட்டுதான் விதையைத் தொடணும் என்று சத்தம் போட்டு, வெயிலில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்கு நாள் எண்ணாமல் யாரும் விதை எடுத்ததில்லை. அவன் எடுக்கவே மாட்டான்.

மலர்க்கொடி இயர்போனைக் காதில் அழுத்திப் பிடித்தாள்.

"என்னங்க, தண்ணிக்கு நாள் எண்ணாம வெதை எடுக்குற ஆளா நீங்க?"

படகில் கேடயக்காரன் அப்படியே நின்றான்.

"எத்தனை நாளுக்குத் தண்ணி இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுருக்கு. எனக்குத்தான் தெரியல. சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு வருசம்" என்றான் கடைசியில். "புது காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுட்டேன் மலரு. உங்கிட்ட எப்புடி சொல்றதுன்னு…"

"எப்ப போட்டீங்க?"

"பொங்கல் கழிச்சு."

"அதுக்கப்புறம் நாலு வெள்ளிக்கிழமை எங்கூட பேசிருக்கீங்க. பூதத்தைக் கொன்னீங்க. எங்கிட்ட சொல்றதுக்கு வாய் வரல."

"வந்து என்ன பண்றது சொல்லு? ஆறு மாவ வச்சுக்கிட்டு?"

"அந்த ஆறு மாவ நீங்களா பாக்குறீங்க? ஒம்போது நாளா இந்த நெல்லுக்கு நாய் மாதிரி காவ கெடக்குறது யாரு? பாவி மனுசா, தீவைக் காட்டுனா சும்மா இருந்துடுவேன்னு நெனச்சீங்களா?"

குரல் உயர்ந்துவிட்டது. வைரக்கண்ணு திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டியது. எழுந்து எங்கேயாவது போய் ஒரு பாட்டம் அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நெல்லு கிடக்கிறது.

"நாப்பத்தொண்ணு! மலர்க்கொடி! யாரும்மா நாப்பத்தொண்ணு?"

ஒன்பது நாள் கூப்பிடாதவர்களுக்கு இப்போதுதான் வேளை வந்தது.

"கூப்புடுறாங்க" என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கேமுக்குள் இருக்கிற கடையைத் திறந்து, கருங்குகையில் விரலை வைத்து அழுத்தினாள். "நான் சின்னதை வாங்கிட்டேன். பத்து மணி நேரம், அஞ்சு வெள்ளிக்கிழமை. அது முடியிற மறுநாள் நீங்க கீழ்வேளூர் ஸ்டேஷன்ல எறங்கணும். எறங்கலைன்னா, அப்புறம் எனக்கு இந்தக் கேமுக்குள்ள ஒரு வேலையும் இல்ல. நீங்க தீவுல தனியா சுத்திக்கிட்டு கெடங்க."

"மலரு, நில்லு…"

இயர்போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஈரம் பதினாறரை. தூற்றி, மூட்டை பிடித்து, எடை போட்டு, சாக்குத் தைத்து, லாரி ஓரம் அடுக்குவதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. குவியல் இருந்த இடத்தில் கொஞ்சம் பதரும் ஈரத்தடமும்தான் கிடந்தன.

"அப்பாடா, நீ தப்பிச்ச தங்கச்சி" என்றார் வைரக்கண்ணு. அவர் டோக்கன் நாற்பத்து நாலு.

தப்பித்தாளா? காவல் காக்க இனி ஒன்றும் இல்லை. எழுந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவளோ அந்த வெறும் தரையில் படுதாவின் மேலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். பதினொன்று ஐம்பதுக்கு அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது.

"குகையும் வாங்கிட்டேன் மலரு. இப்ப ரெண்டும் இருக்கு. கோவப்படாத."

ரெண்டு தடவை படித்தாள். ஸ்டேஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவனுக்குத் தீவும் வேண்டும், குகையும் வேண்டும், அவளும் கோபப்படாமல் இருக்க வேண்டும்.

என்னென்னவோ அடித்தாள், அழித்தாள். கடைசியில் "அஞ்சு வெள்ளி" என்று மட்டும் அடித்து அனுப்பிவிட்டு, எழுந்து படுதாவை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.