என் பெயரில் திறந்த வழி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பென் டிரைவ் செருகும் இடத்தைக்கூட ஒவ்வொரு கணினியிலும் அடைத்து வைத்தவள் நான். அப்படிப்பட்டவள், கூடப் பிறந்தவனிடம் போய்க் கோட்டை விட்டேன்.

நானும் அண்ணனும் ஒரே மரச்சாமான் கம்பெனி. அவன் நாற்காலி, அலமாரி வரைகிறவன். நான் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். வெளியிலிருந்து எங்கள் கணினிகளைத் தேடி வரும் எதையும் ஃபயர்வால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். இன்ன எண்ணில் வருவதை உள்ளே இன்ன சர்வருக்கு அனுப்பு என்று நான் ஒரு ரூல் எழுதினால்தான் வழி திறக்கும். அதன் பக்கத்தில் கேட்டவர் பெயரை எழுதியாக வேண்டும். அந்த வழக்கத்தைச் சண்டை போட்டுக் கொண்டுவந்ததே நான்தான்.

போன மாதம் அண்ணன் என் மேசைக்கு வந்தான்.

“வாலு, டிசைன் சர்வரை வீட்லேர்ந்து பாக்கணும். பிரவுசர்ல திறக்கிற மாதிரி ஒரு வழி போட்டுக் குடேன்.”

“லெட்டர் குடு, போடறேன்.”

“லெட்டர் குடுத்தா மேனேஜர் ஆயிரம் கேள்வி கேப்பார். உன் பேரையே போட்டுக்கோ. ஒரு வாரந்தான். அண்ணன்கிட்டயுமா சட்டம் பேசுவ?”

போட்டேன். சொன்னபடி ஒரு வாரத்தில் மூடியும் விட்டேன்.

இன்று காலை போட்டிக் கம்பெனியின் கேட்லாக் வந்தது. நாங்கள் இன்னும் கடைக்கே அனுப்பாத மடக்குக் கட்டில் அதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை. மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, சர்வரின் பதிவுத் தாளை என் முன் வைத்தார். வழி திறந்திருந்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறுவரை மொத்த வரைபடங்களும் ஒரே முகவரிக்குப் போயிருந்தன. அது நானும் அண்ணனும் இருக்கும் வீட்டு இணைப்பு. அதுவும் என் பெயரில்தான் இருக்கிறது.

“தொறந்தது நீங்க. போனது உங்க வீட்டுக்கு. என்னம்மா சொல்றீங்க?”

நான் அண்ணனைப் பார்த்தேன். “நீதானே கேட்ட, சொல்லுண்ணா.”

“நான் எப்பக் கேட்டேன்? எழுத்துல ஏதாவது இருக்கா?” வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத முகத்தோடு மேனேஜர் பக்கம் திரும்பினான். “எனக்கு வரையத்தான் தெரியும் சார். நெட்வொர்க்கெல்லாம் அவதான். என் தங்கச்சியாச்சேன்னு பாக்காதீங்க, நல்லா விசாரிங்க.”

கத்துவேன் என்று நானே எதிர்பார்த்தேன். பதிவுத் தாளைத்தான் கையில் எடுத்துக்கொண்டேன்.

“நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. இல்லன்னா ராஜினாமா எழுதிக் குடுங்க,” என்றார் மேனேஜர்.

என் மேசைக்கு வந்து அந்தத் தாளை மறுபடி படித்தேன். ஞாயிறு, நாலிலிருந்து ஆறு. அன்று நான் கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அறையிலிருந்து தலையை நீட்டினான்.

“நெட்டு ரொம்ப மெதுவா இருக்கு வாலு. கொஞ்ச நேரம் படத்தை நிறுத்தேன்.”

நிறுத்தினேன். லீவு நாளிலும் உழைக்கிறானே, பாவம் என்று டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்ணா?”

“முடிஞ்சிடுச்சு. கட்டில் மட்டுந்தான் பாக்கி,” என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டான்.