ஈரம் காயாத மரங்கள்

கண்காட்சி திறக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. கூடத்தின் வெள்ளைத் தரையில் ஆளுயர அடிமரங்கள் காடுபோல நின்றன. அழிந்துவரும் நாட்டு மரங்களுக்காகச் சிற்பி கண்ட நெடுநாள் கனவு அது. காற்றில் சாய்ந்து கிடந்த கட்டைகளை மட்டுமே கொண்டுவரச் சொல்லியிருந்தாள் அண்ணனிடம். அவன் மரக்கடை வைத்திருப்பவன்; தங்கைக்கு என்றால் தலைகீழாக நிற்பான்.

"ஏம்மா, தரையில என்னவோ ஒட்டுது. எத்தனை தடவை துடைச்சாலும் திரும்ப வருது" என்றாள் கூடம் துடைக்கும் அக்கா.

சிற்பி குனிந்து தொட்டாள். பிசின். பக்கத்து மரத்தின் பட்டையை நகத்தால் கீறினாள், உள்ளே பச்சை. அடுத்ததும் பச்சை. வாசலில் புதுச்சட்டையோடு நின்ற அண்ணனை இழுத்துவந்தாள்.

"இதெல்லாம் விழுந்து கிடந்த மரமாண்ணா?"

"அதெல்லாம் உளுத்துப்போச்சும்மா, தொட்டாலே உதிருது. உனக்கு நல்லதா வேணாமா? மலைச்சரிவுல கடைசியா ஒரு தோப்பு நின்னுச்சு. போன வாரம்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சிக் கூத்தாடி வெட்டிக் கொண்டாந்தேன்." அவன் முகமெல்லாம் பல்.

"கடைசியாவா?"

"ஆமா. இனி தேடினாலும் கிடைக்காது. உன்கிட்ட மட்டும்தான்!"

அதற்குள் கதவு திறந்து கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அவள் நடுக்கூடத்தில் போய் நின்றாள்.

"போன வாரம் வரைக்கும் இதெல்லாம் உயிரோட இருந்துச்சு. எனக்காக வெட்டியிருக்காங்க. நான்தான் வெட்ட வச்சேன்."

பிறகு யாரோ கை தட்டினார். கூடமே தட்டியது.

"என்னமா நடிக்கிறா!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நடிப்பில்லைங்க! நிஜமாத்தான் சொல்றேன்!" அவள் கத்தினாள். கைதட்டல் கூடியது.

அண்ணன் மட்டும் தட்டவில்லை. பல் தெரிந்த சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகில் வந்தான்.

"தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வேரையும் தோண்டிட்டியாண்ணா?"

"இல்ல. தரையோட அறுத்ததுதான்."

"துளிர்க்குமா?"

"தெரியலையே."

"வண்டியை எடு. இப்பவே போய்ப் பார்க்கணும்."

பிசின் ஒட்டிய கையை அவள் துடைக்கவில்லை. சிலர் மரங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அண்ணனும் தங்கையும் வெளியேறினார்கள்.