எல்லா டிபார்ட்மெண்ட்டும்

எங்கள் கல்லூரியில் மாதம் ஒரு தடவை 'பணியாளர் செய்தி' என்று நான்கு பக்கத் தாள் வரும். ஆசிரியர் அறையில் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவார்கள். பாதிக் கட்டு பிரிக்காமலே கிடக்கும். அது குப்பைக் கூடைக்கு வந்து சேருமுன் ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படிக்கு அடியில் வாளியும் மாப்பும் வைக்கிற அறையில் உட்கார்ந்து மாடியக்காவுக்குப் படித்துக் காட்டுவேன்.

மாடியக்கா என்பது நாங்கள் வைத்த பேர். இரண்டாவது, மூன்றாவது மாடி கூட்டித் துடைப்பது அவள் பொறுப்பு. தரைத்தளமும் முதல் மாடியும் என் பாடு. அவள் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம், நான் வந்து பதினாறு. இரண்டு பேருமே ஏஜென்சி ஆட்கள். கல்லூரிப் பதிவேட்டில் எங்களைத் தேடினால் கிடைக்கமாட்டோம். ஏஜென்சி சூப்பர்வைசர் கொண்டு வருகிற மெஷினில் காலையில் ஒரு விரல், சாயங்காலம் ஒரு விரல், அவ்வளவுதான். அந்த ஆளுக்குக் 'கைரேகை' என்றே பேராகிப் போனது.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தொரு வயதில். எங்கள் தெருவில் முதியோர் வகுப்பு நடந்தபோது ஏழெட்டு மாதம் போனேன். மீதியைக் கதவுகளிடம் கற்றுக்கொண்டேன். தள்ளு, இழு, ஆண்கள், பெண்கள், அனுமதி இல்லை. கதவில் இருக்கிற எழுத்து ஓடாது, நின்று நிதானமாகப் பார்க்கலாம். தாளில் இருக்கிற எழுத்து என்னைக் கண்டாலே கடன்காரனைக் கண்ட மாதிரி ஓடும். திக்கித் திக்கித்தான் பிடிப்பேன். அக்காவுக்கு அதுவும் கிடையாது.

"'தாவர... வியல் துறை... உதவிப் பேரா... சிரியர்... முனைவர் பட்டம் பெற்றார்.'"

"பட்டமா? அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? அம்பது வயசுல பட்டம் விட்டு என்ன பண்ணப் போறாங்க, மாடியில காத்து கூட வராதே?"

"அது படிப்புப் பட்டம்க்கா."

"தெரியும்டி. நீ படிக்கிறப்போ பல்வலி வந்தவ மாதிரி மூஞ்சிய வச்சிருக்க. கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னு சொன்னேன்."

யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஓய்வு பெறுகிறார், இறகுப்பந்தில் யாருக்குக் கோப்பை, எல்லாம் கேட்டுக்கொள்வாள். முடிந்ததும் டப்பாவை மூடிக்கொண்டே, "நம்மளப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?" என்பாள்.

"இல்லக்கா."

"சரி, அடுத்த மாசம் பார்ப்போம்." இந்த பஸ் போனால் அடுத்த பஸ் என்பது போலத்தான் சொல்வாள்.

ஒரு மாதம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு செய்தி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "உள்... அடக்க... குழு. 'நமது கல்லூரியில் உள்ளடக்கக் குழு தொடங்கப்பட்டது.'"

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அடக்கமா? யாரை அடக்கம் பண்றதுக்கு?"

"யாராச்சும் செத்தா பார்க்கிற கமிட்டி போலக்கா."

"உள்ளேயே அடக்கம் பண்ணுவாங்களாமா? விளையாட்டு மைதானத்துலயா?" என்று யோசித்தாள். அப்புறம், "பரவால்லடி. உசுரோட இருக்கிறப்போ கண்டுக்காட்டியும் போனப்புறம் பார்க்க ஒரு கமிட்டி வச்சிருக்காங்களே. நல்ல மனசுதான்" என்றாள்.

முதல் மாடியில் ஒரு அறைக்கு அந்தப் பேரோடு பலகை வந்தது. அந்தக் கதவை மட்டும் நான் கொஞ்சம் பயபக்தியோடு துடைத்து வந்தேன்.

அக்காவுக்கு ஒரே மகள். கட்டிக் கொடுத்து நான்கு வருஷம். பொண்ணு பார்க்க வந்தபோது, "அம்மா காலேஜ்ல வேலை பார்க்கிறாங்க" என்று மகள் சொல்லியிருக்கிறாள். பொய்யில்லை. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒரு தடவை அங்கே போயிருந்தபோது சம்பந்தியம்மா பேச்சோடு பேச்சாக, "காலேஜ்ல எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டிருக்கிறாள்.

"எல்லா டிபார்ட்மெண்ட்டும்தான் சம்பந்தி. ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டா கூட்டிட்டுத்தான் வருவேன்னு சொன்னேன்" என்பாள் அக்கா. இதை என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லையாம். மகள் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை எடுத்துப் போனாளாம்.

அதோடு போக்குவரத்து நின்றது. மகள் வாரம் ஒரு தடவை போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, முட்டி எப்படி இருக்கு, எல்லாம் கேட்பாள். 'வா' என்கிற ஒரு எழுத்து மட்டும் அந்தப் போனில் வராது. அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி என்பார்கள். அக்கா ரோஷக்காரி. ஒன்றரை வருஷம் போகவில்லை. ஆனால் மூன்றாவது மாடி ஜன்னலைத் துடைக்கும்போது, மகள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் எந்த நேரத்தில் எந்தத் திருப்பத்தில் தெரியும் என்று அவளுக்கு மனப்பாடம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. மகளிடமிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை. அக்கா டப்பாவைத் திறந்தவள் திறந்தபடியே வைத்திருந்தாள். நான் செய்தித் தாளைப் படித்து முடித்தேன்.

"நம்மளப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்குக்கா" என்று வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். இனிமேல் பின்வாங்க முடியாது. தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "'மேல்மாடிகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வரும் நமது பணியாளர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவர் துடைத்த படியில் இதுவரை ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை. அவரால் இந்தக் கல்லூரி பெருமை அடைகிறது.'"

"போன வருஷம் கெமிஸ்ட்ரி சார் விழுந்தாரே?"

"அது அவர் செருப்புத் தப்புக்கா. அதெல்லாம் போடமாட்டாங்க."

"அதுவும் சரிதான்" என்று தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அதைத் தடவிப் பார்த்தாள். "எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் மூன்றாம் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினேன். அது இறகுப்பந்துச் செய்தி.

"ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குப் போறேன்டி. இதக் கொண்டுபோய்க் காட்டப் போறேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

மகள் படிப்பாள். மாமியார் பக்கத்தில் நிற்பாள். எங்கேம்மா இருக்கு, இது பந்து விளையாட்டுச் செய்திதானே, என்பாள் மகள். ஒன்றரை வருஷம் கழித்துப் படியேறுகிறவள் இன்னொரு தடவை தலைகுனிந்து இறங்க வேண்டும். நான் ஆசையாகச் சொன்ன மூன்று வரிதான் அவளைத் தள்ளிவிடப் போகிறது.

வெள்ளிக்கிழமை உள்ளடக்கக் குழுக் கதவைத் தட்டினேன். கல்லூரியில் வேறு யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே சமூகவியல் மேடம் இருந்தார்.

"மேடம், இது சாவு விஷயம் இல்ல. ஆள் உசுரோடதான் இருக்கா. உசுரோட இருக்கிறவங்களுக்கும் உங்க கமிட்டி ஏதாச்சும் செய்யுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல மேடம். அதான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் விஷயம் விளங்கியது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உள்ளடக்கம்னா அந்த அடக்கம் இல்லம்மா. யாரையும் வெளிய விடாம எல்லாரையும் உள்ள சேர்த்துக்கிறது."

"உள்ளன்னா எதுக்குள்ள மேடம்?"

அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார். தினம் நான் துடைக்கிற நாற்காலி. ஓரமாக உட்கார்ந்தேன். பொய் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அக்காவைப் பற்றி மூன்று வரி, ஞாயிற்றுக்கிழமைக்குள். பெரிசாக வேண்டாம், கோப்பைச் செய்தி அளவுக்கு இருந்தால் போதும்.

மேடம் நல்லவர். அந்த நிமிஷமே கம்ப்யூட்டரைத் திறந்தார். செய்தி போடுவதற்கு ஒரு படிவம் இருந்தது. பேர் போட்டார். அடுத்தது 'பணியாளர் எண்'. எங்களுக்கு அது கிடையாது. எண் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பூஜ்ஜியம் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. தன் சொந்த எண்ணைப் போட்டார். மேடத்தின் படம் வந்து நின்றது. இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இத நான் கூட்டத்துல எழுப்புறேன்மா. கண்டிப்பா எழுப்புறேன். ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காது."

"சரிங்க மேடம்" என்று எழுந்தேன். பழக்க தோஷம், நாற்காலியைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை அரை நாள். அக்கா வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "அக்கா, அந்தத் தாள்ல உன்னப் பத்தி ஒண்ணும் இல்ல. நானாத்தான் சொன்னேன். நாளைக்கு அத எடுத்துட்டுப் போகாத."

அவள் கடைசி வாளியையும் கவிழ்த்தாள். "தெரியும்டி."

"தெரியுமா?"

"நீ என்னைக்குடி திக்காம படிச்சிருக்க? 'வந்ததில்லை'ன்னு ஒரு சொல்லுக்கு மூணு தடவை மூச்சு வாங்குறவ. அன்னைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்துன. அப்பவே புரிஞ்சுபோச்சு."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்ப எதுக்குக்கா அத எடுத்துட்டுப் போற?"

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டாள். "நீ யாரு எனக்கு? கூடப் பொறந்தவளா? நீ எனக்காக அச்சுல இல்லாதத அடிச்சு விட்ட. என் வயித்துல பொறந்தவ என்ன பண்றான்னு பார்க்கணும்டி. மாமியாக்காரி முன்னாடி அந்தத் தாள அவ கைல குடுப்பேன். 'இதுல அம்மாவப் பத்தி வந்திருக்காம், படி'ன்னு சொல்லுவேன். படிக்கிறாளா, ஒண்ணும் இல்லன்னு திருப்பிக் குடுக்கிறாளான்னு பார்க்கணும்."

"இல்லன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா சொல்லிட்டா. போனுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதாவது மிச்சமாகும்."

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் சோறு வைத்ததும் நினைவில்லை, துணி அலசியதும் நினைவில்லை. அக்கா எந்த பஸ்ஸில் இருப்பாள் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் எனக்கு முன்னால் வந்து மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். கைரேகை வைத்துவிட்டு ஓடினேன்.

"கொடுத்தேன்" என்றாள். "வாங்கிப் பார்த்தா. நாலு பக்கமும் புரட்டுனா. சம்பந்தியம்மா, 'என்னம்மா போட்டிருக்கு?'ன்னு கேட்டாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது. அவ என்னைய ஒரு பார்வை பார்த்தா பாரு. அப்புறம் தாளப் பார்த்துப் படிச்சா."

"என்னன்னு?"

"'மூணாவது மாடியில வேலை செய்யற இந்த அம்மா, மகளப் படிக்க வைக்கிறதுக்காக சாயங்காலம் இன்னொரு எடத்துலயும் பாத்திரம் கழுவுனாங்க. மக பரீட்சை எழுதுன பன்னெண்டு நாளும் ராத்திரி தூங்காம விசிறிக்கிட்டு இருந்தாங்க.' அப்படின்னு போட்டிருக்காம்." அக்கா மாப்பை மறுபடியும் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை. "காலேஜுக்கு அது எப்படித் தெரியும்னு சம்பந்தியம்மா கேட்டிருந்தா மாட்டியிருப்பா. நல்லவேளை, கேக்கல. கண்ணத் தொடச்சிக்கிட்டு உள்ள போயிட்டாங்க."

"அப்புறம்?"

"பஸ் ஏத்திவிட வந்தா. தாள அவளே வச்சுக்கிட்டா. 'அடுத்த மாசப் பேப்பரும் கொண்டு வாம்மா'ன்னா." அந்த 'வா'வை அக்கா எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

இந்த மாதத் தாள் நேற்றுதான் வந்தது. மேடம் சொன்ன கூட்டம் நடந்திருக்கிறது. 'ஒப்பந்தப் பணியாளர் குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்று எங்களைப் பற்றி ஒரு வரி. அதைப் படிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. மத்தியானம் டப்பாவைத் திறக்குமுன்பே எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்கா தாளை என் மடியிலிருந்து எடுத்தாள். மூலைக்கு மூலை சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"படிக்கட்டுமாக்கா?"

"வேணாம்டி. ஞாயித்துக்கிழமை அங்க போய்க் கேட்டுக்கிறேன்."

நான் என் டப்பாவைத் திறந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மாடிப்படியில் பிள்ளைகள் இறங்கிப் போகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. மணியடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, எனக்குப் படிப்பதற்கு ஒன்றுமில்லை.